டீச்சர் தூக்கிப் பிடித்த மூடி

அந்தத் தெருவுக்குள் வந்து பைலட் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். கை காட்டும்போதே சிரிப்பும் வரும். ஏனென்றால் பைலட் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் கிரீஸ் கையோடு நின்றே தலை நரைத்தவர். அடுத்தவர்களை மேலே அனுப்பி அனுப்பி அலுத்துப்போய், தானும் ஒரு நாள் மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் ஒன்றைப் போட்டு ஏரோப்ளேன் கட்ட ஆரம்பித்தார். பொம்மை இல்லை, நிஜ ஏரோப்ளேன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். "வரைபடம் தபால்ல வந்துச்சு, தகடு லாரில வந்துச்சு, பைத்தியம் எதுல வந்துச்சுன்னுதான் தெரியலை" என்பார் அவருடைய நெடுநாள் சிநேகிதரான கார் மெக்கானிக்.

பைலட்டின் மனைவி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. தெருவுக்கே அவர் டீச்சர். முதல் தகடு வந்து இறங்கிய அன்று பைலட் அதை ஆசையோடு தடவிக் கொடுத்துக்கொண்டே மனைவிக்கு வாக்குக் கொடுத்தார்.

"மொத சவாரி உனக்குத்தான். பக்கத்து சீட்டு உன் சீட்டு. வேற யாரையும் அதுல உக்கார விட மாட்டேன், பாத்துக்க."

"மொதல்ல ஸ்கூட்டர்ல பிரேக்கைச் சரி பண்ணுங்க. அப்புறமா ஆகாசத்துல கூட்டிட்டுப் போலாம்" என்றார் டீச்சர். ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் வேறு எதையோ பேசுவதுபோல் ஆரம்பித்து அந்த சீட்டுப் பேச்சுக்கு வந்து சேர்ந்தார்.

உடம்புப் பகுதி உருவாகி, சக்கரம் மாட்டி, நின்றது. ஷெட் குறுகல் என்பதால் இறக்கைகளைத் தனியாகச் செய்து சுவரோரம் சாத்தி வைத்தார். அப்புறம்தான் மூடி வந்தது. உட்காரும் இடத்துக்கு மேலே கவிழ்ந்து மூடும் பெரிய அக்ரிலிக் கூண்டு அது. கறுப்புக் கண்ணாடிபோல லேசான புகை நிறம், அடியில் சுற்றிலும் இரும்புச் சட்டம். முன்பக்கம் கீல். பின்பக்கத்தைத் தூக்கினால் பெட்டி மூடிபோல முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்தால் மட்டும் போதாது, யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விட்டால் படார் என்று விழும்.

முதலில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார் பைலட். ஒரு தடவை கட்டை வழுக்கி மூடி விழுந்து, ஓரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டது. அது மேலும் ஓடாமல் இருக்க விரிசலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நிறுத்தினார். அன்று அவர் சாப்பிடவில்லை. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டால்கூட அப்படி முகம் தொங்கியிருக்காது. அதற்குப் பிறகு கட்டையை நம்பவே இல்லை. உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ஷெட் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"டீச்சர், கொஞ்சம் வந்து பிடியேன்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஏரோப்ளேனின் வலது பக்கம், தன் சீட்டுக்கு நேராக நின்று, வலது கையை முழுசாக மேலே நீட்டி மூடியைத் தூக்கிப் பிடிப்பார். பைலட் உள்ளே மல்லாந்து படுத்துக் கருவிப் பலகைக்கு அடியில் தலையை விடுவார். அதற்கப்புறம் நேரம் போவதே அவருக்குத் தெரியாது.

கார் மெக்கானிக் அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"கார் டிக்கியைத் தொறந்தா தானா மேல போய் நிக்குதில்ல? ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு தண்டு இருக்கும், உள்ள கேஸ் அடைச்சது. அதுல ரெண்டை வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சுது. தங்கச்சி எதுக்கு வந்து தூண் மாதிரி நிக்கணும்?"

"அது கடைசி வேலைப்பா. வரைபடத்துலயே கடைசிப் பக்கத்துல இருக்கு" என்றார் பைலட். பிறகு தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டு சொன்னார்: "டீச்சர் இருக்கும்போது தண்டு எதுக்கு?"

டீச்சரும் சிரித்தார். அந்த வாசகம் பைலட்டுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஷெட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒவ்வொரு தடவையும் டீச்சர் மரியாதைக்காகவாவது சிரித்து வைத்தார்.

அந்த ஆரம்ப காலத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்கள் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டது அந்த மூடிக்குக் கீழேதான். மகள் படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் இருந்தால் பால், தண்ணீர் மோட்டார், சிலிண்டர் என்பதற்குமேல் பேச்சு நகராது. ஷெட்டில் அப்படி இல்லை. டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு நின்று பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வார். தலைமையாசிரியை கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தேடிய கதையைச் சொன்னபோது பைலட் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. தலையைத் திருப்பினால் போதும், மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மனைவியின் முகம் தெரியும். கருவிப் பலகையின் பதினெட்டுத் திருகாணியையும் ஒரே மூச்சில் முடுக்கிவிட்டு வெளியே வந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

அந்த நாட்களில்தான் ஒரு நாள் பக்கத்திலிருந்த மரத்தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். முழுசாகத் திறந்தால் மூடியின் ஓரம் எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதற்கான அடையாளம் அது. கூரையிலிருந்து ஒரு குண்டு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. மூடி அதில் இடித்துவிடக் கூடாதே என்ற கவலை. டீச்சர் பிடித்திருந்த உயரத்துக்கு நேராகக் கோடு. பிறகு அந்த பல்பையே கழற்றிவிட்டு, உள்ளே கருவிப் பலகைக்குப் பக்கத்தில் பளீரென்று ஒரு விளக்கு மாட்டிக்கொண்டார். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. கதவு வழியாக வரும் வெளிச்சமும் அந்த விளக்கும்தான். பென்சில் கோட்டை எல்லாரும் மறந்துபோனார்கள்.

வருஷங்கள் ஓடின. வீட்டில் ஏரோப்ளேன் கட்டுகிறவர்களுக்கு வருஷம் ஒரு பொருட்டே இல்லை, கட்டாதவர்களுக்குத்தான் அதெல்லாம். பைலட் நகரத்துக்கு வெளியே இருந்த பறக்கும் கிளப்பில் சேர்ந்து, விழுந்து எழுந்து, ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டார். ஷெட்டில் பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. டீச்சர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆச்சா?" என்பார். அவ்வளவுதான். பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து வீட்டில் மௌன விரதம் இருக்கிறாள் என்று பைலட் மெக்கானிக்கிடம் கேலி பேசினார். உள்ளே படுத்துக்கொண்டு தலையைத் திருப்பினால் இப்போதெல்லாம் டீச்சரின் முகம் தெரிவதில்லை என்பது அவர் மனசில் படவே இல்லை. புடவையும் இடுப்பில் ஊன்றிய இடது கையும் தெரிந்தன. அதுவே போதுமாக இருந்தது.

கடைசியில் ஒரு வழியாகக் கடைசிப் பக்கம் வந்தது. கிளப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க நாள் குறித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது தாங்கு தண்டு மாட்டுகிற வேலை மட்டும்தான். மெக்கானிக் இரண்டு புதுத் தண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்து, "இப்பவாவது மனசு வந்துச்சே" என்றுவிட்டுப் போனார்.

தண்டு மாட்டுவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. கணக்குத் தப்பினால் வம்பு. தண்டின் ஒரு முனை உடம்பில், மறுமுனை மூடியின் சட்டத்தில். மூடி சாத்தியிருக்கும்போது மெல்லிய கம்பி முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் வாய்ப்பக்கம் தங்கி, காற்றுக் கசியாமல் காக்கும். தண்டு எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான் மூடி திறக்கும், அதற்குமேல் ஒரு நூல்கூடப் போகாது. ஆகவே மூடியை வேண்டிய உயரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, முழுசாக நீண்ட தண்டை வைத்துப் பார்த்து, பிராக்கெட் வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். வரைபடத்தில் அளவு இருந்தது. ஆனால் பைலட் வரைபடத்தைக் கரைத்துக் குடித்தவராயிற்றே. சீட்டை உயர்த்தி, கீலை நகர்த்தி, எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தார். அந்த அளவு இனி எதற்கும் உதவாது.

"டீச்சர், கடைசித் தடவை. வந்து பிடி. இதுக்கப்புறம் உனக்கு விடுதலை."

டீச்சர் வந்து நின்றார். "எவ்வளவு தூக்கணும்?"

"எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடி. அது போதும்."

டீச்சர் பிடித்தார். பைலட் உள்ளேயிருந்து தண்டை வைத்துப் பார்த்தார். சட்டம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடாம பிடிம்மா. ஒரு நூல் தப்பினாலும் எல்லாம் கெட்டுது."

"ம்."

"ஆடுதே இன்னும்!"

பைலட் அலுத்துக்கொண்டே குறித்தார். இரண்டு பக்கமும் குறித்து முடித்ததும் "சரி, விடு" என்றார். டீச்சர் மூடியை மெதுவாக இறக்கிவிட்டு, வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பைலட் அதற்குள் துளையிடும் ஊசிகளில் சரியானதைத் தேட ஆரம்பித்திருந்தார். ஓட்டை போட்டு, பிசிறு தேய்த்து, பிராக்கெட்டை ரிவிட் அடித்து, தண்டுகளை மாட்டி முடித்தபோது அவருக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவும் செய்தார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடியை லேசாகத் தொட்டதும் தானாக மேலே போய் நின்றது. மெக்கானிக் ஆசையாக உள்ளே ஏறப் போனவர், நங்கென்று நெற்றியில் இடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"யாருக்குப்பா இந்த இடைவெளி? பூனைக்கா? இதுக்குள்ள பூந்து வர்றதுக்குள்ள பெட்ரோல் ஆவியாயிடும்."

பைலட் ஏறிப் பார்த்தார். அவருக்கும் இடித்தது. கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நேராகச் சமையலறைக்குப் போனார்.

"எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடின்னுதானே சொன்னேன்? ஏன் இவ்வளவு கீழ பிடிச்சே? ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்காப் பிடிச்சிருந்தா போதுமே!"

டீச்சர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எப்பவும் பிடிக்கிற மாதிரிதான் பிடிச்சேன்."

"பிடிச்சே! ஆதாரம் காட்டுறேன் இரு" என்று ஷெட்டுக்குத் திரும்பினார். பென்சில் கோடு ஞாபகத்துக்கு வந்திருந்தது. தூணில் படிந்திருந்த தூசியைத் துடைத்ததும் கோடு பளிச்சென்று தெரிந்தது. மூடியின் ஓரம் அதற்குக் கீழே, நல்ல ஒரு முழம் கீழே நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் மூளை அல்லவா, முதலில் சந்தேகம் சக்கரத்தின் மேல் போனது. டயரில் காற்று இறங்கியிருக்குமோ? அமுக்கிப் பார்த்தார். கல்லாக இருந்தது. தரை உள்வாங்கியிருக்குமோ? ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கீல் தேய்ந்திருக்குமோ? இல்லை. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. இடம் மாறாத அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டபோது மிச்சம் இருந்தது மூடியைப் பிடித்தவர்தான்.

மறுபடி சமையலறைக்குப் போனார். இந்தத் தடவை வாசலிலேயே நின்றுவிட்டார். சமையலறை மேல்தட்டு காலியாக இருந்தது. அங்கே வரிசையாக இருந்த டப்பாக்கள் எல்லாம் எப்போதோ கீழே இறங்கி மேடைமேல் வந்து உட்கார்ந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துணி காயப்போடும் கொடி நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தது. தினமும் இந்தக் கொடிக்குக் குனிந்துதான் ஷெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

"கையைத் தூக்கு" என்றார்.

"எதுக்கு?"

"தூக்கேன்."

டீச்சர் கரண்டியை வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். கை தோள் உயரத்துக்கு வந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தம் கட்டிப் பார்த்தார். வரவில்லை.

"இவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"எத்தனை நாளா?"

"நாளா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் லேசாகச் சிரித்தார். பைலட்டால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. டாக்டரிடம் தனியாகவே போய்விட்டு வந்திருக்கிறார். தோள் இறுகிப்போய்விட்டது, இதற்குமேல் ரொம்பத் திரும்பாது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். தலைக்கு மேல் கையைத் தூக்கி நிற்கிற வேலை ஏதாவது உண்டா என்றும் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"போர்டுல எழுதுவேன்னு சொன்னேன். ஏரோப்ளேன் மூடி பிடிப்பேன்னு சொன்னா அந்த மனுஷன் சிரிக்க மாட்டாரா?" என்றார் டீச்சர். "போர்டுலயும் இப்ப பாதிக்குக் கீழதான் எழுதுறேன். பின் பெஞ்சுக்குத் தெரியலைன்னு பிள்ளைங்க பாத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. அவங்களே பெஞ்சை எல்லாம் முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க."

ஆறு வயசுப் பிள்ளைகள் கண்டுபிடித்தது தனக்குத் தெரியவில்லை. பைலட் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

டீச்சர் அடுப்பை அணைத்தார். "அந்தத் தண்டைச் சரி பண்ணுங்க. இன்ஸ்பெக்டர் வர்றார்ல" என்றார். அப்புறம் அறையைவிட்டுப் போகும்போது, சண்டைக்காரக் குரலில்லாமல், சாதாரணமாகவே சொன்னார்: "அந்த சீட்டுல உங்க டூல் பாக்ஸை வச்சுக்கங்க. எனக்கு வேணாம்."

அதுதான் அவரை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார், அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். சீட்டு வேண்டாம் என்று ஒருத்தி அமைதியாகச் சொல்லிவிட்டால் அதற்கு எந்த ஸ்பேனரும் கிடையாது. முதல் தகடு இறங்கிய நாளிலிருந்து அந்த சீட்டில் வேறு யாரையும் அவர் மனசிலும் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. அது காலியாகப் போவதென்றால் ஏரோப்ளேன் பறந்தாலென்ன, ஷெட்டில் துருப்பிடித்தாலென்ன?

தண்டைச் சரிபண்ண மூடியை மறுபடி யாராவது பிடிக்க வேண்டும். இந்தத் தடவை டீச்சரைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் வெறுமனே நின்றார். பிறகு பழைய சாமான் மூட்டையைக் குடைந்து ஒரு கப்பியையும் கயிற்றையும் எடுத்தார். கூரை விட்டத்தில் கப்பியை மாட்டி, கயிற்றை மூடியின் சட்டத்தில் கட்டி இழுத்தார். மூடி பென்சில் கோடு வரைக்கும் ஏறி, ஆடாமல் அசையாமல் நின்றது. கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு அவர் கையைத் தொங்கவிட்டார். ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வாழ்நாள் முழுக்கக் கயிறும் கப்பியுமாகப் பிழைத்த மனிதர் அவர். ஆளேறும் கூண்டையே அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாகக் கீழே நின்று பீடி குடித்தவர். ஒரு அக்ரிலிக் மூடியைத் தொங்கவிட அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மூடி வந்த முதல் நாளே செய்திருக்கலாம். தோன்றாமல் போனதற்கு மூளை காரணமில்லை. கயிறு பள்ளிக்கூடக் கதை சொல்லாது. கயிறு பக்கத்தில் நின்றால் அதற்குப் பெயர் துணை இல்லை. டீச்சர் அங்கே வந்து நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்தவரையே இப்படித் தேய்த்துவிட்டோமே என்று நினைத்தார். தரையில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், மனசுவிட்டு அழுதார்.

அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தார். பழைய ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்து, அந்த ஓட்டைகள்மேல் தகடு வைத்து அடைத்து, பிராக்கெட்டுகளைப் புது இடத்தில் வைத்து அடித்தார். மூடி முழு உயரத்துக்குத் திறந்தது. அதோடு நிற்காமல் ஒரு மரப்படியும் செய்தார். அகலமான, தாழ்வான படிகள். கையால் எதையும் பிடித்துத் தொங்காமல், மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறி சீட்டில் உட்காரலாம். படியின் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். தேய்க்கத் தேவையில்லாத அடிப்பக்கத்தையும் தேய்த்தார்.

"வந்து பாரேன். ஏற வேண்டாம். சும்மா பாரு" என்று கூப்பிட்டார். டீச்சர் முதல் தடவை வேலை இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை தலைவலி என்றார். பள்ளி விடுமுறை நாளன்று மத்தியானம், கூப்பிடாமலே வந்து ஷெட் வாசலில் நின்றார்.

மூடி திறந்தபடி நின்றிருந்தது. டீச்சர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். தண்டை ஒரு விரலால் தொட்டார்.

"நல்லா நிக்குது. என்னைவிட நல்லா நிக்குது. எவ்வளவு நேரம்னு கேக்காம வேற நிக்குது."

பைலட் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்கே மனசு கேட்கவில்லைபோல. மரப்படியைப் பார்த்தார், அதன் வழவழப்பான ஓரத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். படியிலிருந்து காலை உள்ளே வைத்து, மெதுவாகத் தன் சீட்டில் உட்கார்ந்தார். பைலட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கருவிப் பலகை தெரியட்டும் என்று கையை விட்டு உள்விளக்கைப் போட்டார்.

டீச்சர் கடிகாரம் கடிகாரமாக இருந்த கருவிகளைப் பார்த்தார். பைலட் எத்தனையோ நாள் படுத்துக்கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, "நான் நின்ன இடத்துல போய் நில்லுங்க" என்றார்.

"எதுக்கு?"

"நில்லுங்களேன். நான் பிடிச்ச மாதிரி பிடிங்க."

பைலட் படியை நகர்த்திவிட்டு அங்கே போய் நின்றார். தண்டு மேலே தள்ளத் தள்ள, மூடியை ஒரு முழம் கீழே இழுத்துப் பிடித்தார். டீச்சர் அவரைவிடக் குட்டை; அதனால் பைலட் முழங்காலை மடக்கிக்கொண்டார். அவர் முகத்துக்கு முன்னால் புகை நிறக் கண்ணாடி இறங்கி வந்தது.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, அங்கதான் நிக்கிறீங்களா?"

"இங்கதான் நிக்கிறேன்."

"உங்களைத் தெரியலையே. என் மூஞ்சிதான் தெரியுது."

ராத்திரி பஸ்ஸில் உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும், ரோடு தெரியாது. வெளியே நிற்கிறவனுக்கு நம்மை நன்றாகத் தெரியும். அப்படித்தான் இதுவும்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என் மூஞ்சிதான் தெரியும்" என்றார் பைலட்.

டீச்சர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு பேசினார். "வெளிய நிக்கும்போது எனக்கு உங்களைப் பளிச்சுனு தெரியும். வேலையை நிறுத்திட்டு நிமிர்ந்து என்னை நேராப் பாப்பீங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன், கண்ணுல தண்ணிகூட வந்துடும். பாத்துட்டு மறுபடி திருகாணியை முடுக்கப் போயிடுவீங்க. பாத்தும் ஒரு வார்த்தை கேக்கலையே இந்த மனுஷன்னு நெனச்சுக்குவேன். கேக்காதவர்கிட்ட என்னன்னு சொல்றது? அதான் சொல்லலை."

பைலட் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நீங்க பாக்கவே இல்லையா?" என்றார் டீச்சர். அவர் குரல் லேசாகிவிட்டது. எத்தனையோ காலமாக மனசில் அழுத்திக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி வைத்தவர்போல ஒரு பெருமூச்சும் விட்டார். "தெரியாமத்தான் இருந்தீங்களா? அட ராமா. நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்."

அந்த இடத்தில் பைலட் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும், டீச்சரும் மன்னித்திருப்பார், மன்னிக்கத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார். ஆனால் பைலட்டால் முடியவில்லை.

"லைட்டை அணைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "சுவிட்சு உன் இடது கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. ரொம்ப தூரம் இல்லை."

டீச்சர் இடது கையால் தடவிப் பார்த்தார். விரலுக்கு உடனே சிக்கியது. அழுத்தினார்.

கண்ணாடியில் இருந்த அவர் முகம் போய்விட்டது. அங்கே, கதவு வெளிச்சத்தில், முழங்காலை மடக்கிக் கையை மேலே வைத்துக்கொண்டு அவர் கணவர் நின்றிருந்தார். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னமும் நனைந்திருந்தன.

"கை வலிக்குதாங்க?" என்று கேட்டார் டீச்சர்.